குளத்துப் பச்சையும் மூன்றாம் கொட்டகையும்

கோழித்தீவன வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு நான் கணக்குப் போடச் சொல்லித்தரப் போவதில்லை. புரதம் எவ்வளவு, எரிசக்தி எவ்வளவு என்பதையெல்லாம் கணினி என்னைவிட வேகமாகச் சொல்லிவிடும். கணினி சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். எல்லாம் திட்டப்படி நடக்கிறது என்று நீங்களே மின்னஞ்சல் அனுப்பிய பிறகு, ஒரு நாள், நடக்கவில்லை என்று ஒரு தொலைபேசி அழைப்பு வரும். அதற்கடுத்த இரண்டு நாட்களில் நீங்கள் செய்வதுதான் உங்கள் வேலை. மற்ற நாட்களில் நாம் செய்வது வெறும் பழக்கம்.

எனக்கு அந்த அழைப்பைக் கொண்டுவந்தது ஒரு பிளாஸ்டிக் வாளி.

ஒரு திங்கட்கிழமை காலை, ஆக்லாந்தின் எல்லர்ஸ்லியில் இருக்கும் எங்கள் அலுவலகத்தின் வரவேற்பறையில் ஒருவர் வாளியோடு நிற்கிறார், கோழித்தீவனம் தயாரிக்கிற அம்மாவைப் பார்க்க வேண்டுமாம் என்று கூப்பிட்டார்கள். கீழே போனேன். சேற்றுப் பூட்ஸைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டுக் காலுறையோடு நின்றுகொண்டிருந்தார். பெயர் பீட்டர். நகரத்துக்குத் தெற்கே பெரிய கண்ணாடிக் குடில்களில் தக்காளி வளர்ப்பவர். வணக்கம்கூடச் சொல்லாமல் வாளியை நீட்டி, “இதைக் கோழி தின்னுமா?” என்று கேட்டார்.

வாளிக்குள் டக்வீட். குளத்து நீரை எள்ளளவு பச்சை இலைகளாக மூடிக் கிடக்குமே, அந்தச் செடி. தக்காளிக் குடிலிலிருந்து வடியும் உரத் தண்ணீரை ஓடையில் விடக்கூடாது என்பதால் அவர் குளங்கள் வெட்டித் தேக்கியிருந்தார். அந்த நீரைச் சுத்தப்படுத்த இந்தச் செடியை விட்டார். அது உரத்தை உறிஞ்சிக்கொண்டு வெறிபிடித்ததுபோல் வளர்ந்தது. இன்று அள்ளினால் நாளை மறுநாள் குளம் மறுபடி மூடிக்கொள்கிறதாம். அள்ளியதை எங்கே கொட்டுவது என்பதுதான் அவருடைய பிரச்சினை.

என்னுடைய பிரச்சினை வேறு. பிராய்லர் கோழிக்குப் புரதம் கொடுக்க நாங்கள் நம்பியிருந்தது கப்பலில் வரும் சோயாவை. கப்பல் தாமதமானால் எங்கள் தீவன ஆலையில் எல்லோருக்கும் இரத்த அழுத்தம் ஏறும். பக்கத்துக் குளத்திலேயே புரதம் மிதக்கிறது என்று ஒருவர் வாளியில் கொண்டுவந்து காட்டினால் எப்படி விடுவது? பரிசோதனைக்கு அனுப்பினேன். காய்ந்த டக்வீட்டில் இருந்த புரதத்தைப் பார்த்துவிட்டு நாற்காலியை மேசைக்கு இன்னும் அருகே இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

அலுவலகத்தில் சிரித்தார்கள். வீட்டிலும் அப்படித்தான். என் மகள் வாளியை எட்டிப் பார்த்துவிட்டு, “அம்மா, இட்ஸ் ஜஸ்ட் பாண்ட் ஸ்லைம்” என்றாள். வெறும் குளத்துப் பாசியாம். மேலாளர் மட்டும் சிரிக்கவில்லை. “ஒரே ஒரு சோதனைக்கு அனுமதி தருகிறேன். சரிவராவிட்டால் இதைப் பற்றி இனி என்னிடம் பேசக்கூடாது” என்றார். உதவிக்கு ஒருவரை வேலைக்கு எடுத்துக்கொள்ளவும் சம்மதித்தார்.

அப்படி வந்தவள்தான் தேன்மொழி. நாமக்கல்லில் வளர்ந்து, கால்நடை மருத்துவம் படித்துவிட்டு, மேற்படிப்புக்கு ஆக்லாந்து வந்தவள். நேர்காணலில் நீர்த்தாவரத் தீவனத்தில் அனுபவம் உண்டா என்று கேட்டேன்.

“பிராய்லருக்குக் குடுத்ததில்லைங்க. எங்க வீட்டுல அசோலாத் தொட்டி இருந்துச்சு. நாட்டுக்கோழிங்க தொட்டிக்குள்ள தலைய விட்டுத் தின்னும். கோழிக்குப் பிடிக்குமான்னு கேட்டா, பிடிக்கும். எவ்வளவு குடுக்கலாம்னு கேட்டா, தெரியாது. பாத்துத்தான் சொல்லணும்.”

அந்தத் ‘தெரியாது’ எனக்குப் பிடித்துப்போயிற்று. அவளை எடுத்தேன். அவளுடைய விசா இந்த வேலையோடு கட்டப்பட்டிருந்தது. சோதனை மூடப்பட்டால் வேலை போகும், வேலை போனால் விசா போகும். அவள் அதைப் பற்றி ஒரு நாளும் என்னிடம் கதைத்ததில்லை. ஆனால் எனக்குத் தெரியும்.

சோதனைக்கு இடம் கொடுத்தவர் ஷெரில். நான்கு கொட்டகைகளில் பிராய்லர் வளர்ப்பவர், அறுபதை நெருங்கியவர், சொற்களைச் சிக்கனமாகச் செலவழிப்பவர். இரண்டாம் கொட்டகைக்கு வழக்கமான தீவனம், மூன்றாம் கொட்டகைக்குச் சோயாவின் ஒரு பகுதியை எடுத்துவிட்டு டக்வீட் கலந்த தீவனம் என்று முடிவு செய்தோம். ஒரே நாளில் வந்த குஞ்சுகள், ஒரே மாதிரிக் கொட்டகை, ஒரே கை.

முதல் இரண்டு வாரம் மூன்றாம் கொட்டகைக் குஞ்சுகள் பக்கத்துக் கொட்டகையைவிட ஒரு மயிரிழை முந்தியே இருந்தன. எனக்குத் தலைக்கனம் ஏறியது. “திட்டப்படி நடக்கிறது” என்று மேலாளருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். கோழியை வாங்கும் நிறுவனத்தின் தர அதிகாரியை நான்காவது வாரம் வியாழக்கிழமை கொட்டகைக்கு அழைத்துவரலாம் என்றும் எழுதினேன்.

அதே வாரத்தில் தேன்மொழி என் மேசைக்கு வந்தாள். “அக்கா, பீட்டர்கிட்ட இருந்து ரெண்டாவது அறுவடை வந்திருக்கு. இதையும் லேபுக்கு அனுப்பிடலாமா?”

“தேவையில்லை தேன்மொழி. அதே குளம், அதே செடி. ஏன் வீணா? முதல் ரிப்போர்ட்டே போதும்.”

“சரிக்கா” என்று போய்விட்டாள்.

இந்த உரையாடலை மறக்காதீர்கள். நான் மறக்கவில்லை.

நான்காவது வாரச் செவ்வாய்க்கிழமை காலை, தகனினியில் இருக்கும் என் வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியில், மோட்டர்வேயில் வண்டிகள் நகராமல் நின்றிருந்தபோது காருக்குள் ஷெரிலின் குரல் ஒலித்தது.

“மூன்றாம் கொட்டகைக் கூளம் ஈரமாகிவிட்டது. வந்து பார்.”

அவ்வளவுதான் சொன்னார். கூளம் என்பது தரையில் பரப்பியிருக்கும் மரச்சுருள் என்று உங்களுக்குத் தெரியும். பறவை அதன் மேல்தான் நிற்கிறது, படுக்கிறது, வளர்கிறது. அது ஈரமானால் அமோனியா கிளம்பும். பறவையின் பாதம் புண்ணாகும். அடுத்த வெளியேறும் பாதையில் இறங்கித் தெற்கே திரும்பினேன்.

தேன்மொழி எனக்கு முன்னாலேயே வந்திருந்தாள். உடை மாற்றி, பூட்ஸ் மாற்றி, உள்ளே போனோம். கதவைத் திறந்ததுமே கண் எரிந்தது. ஒரு கைப்பிடிக் கூளத்தை எடுத்து அழுத்தினேன். மாவுருண்டைபோலக் கையிலேயே நின்றது. ஒரு கோழியைத் தூக்கித் திருப்பிப் பார்த்தேன். பாதத்தில் சிவப்பு. இன்னும் புண்ணாகவில்லை. ஆனால் அதற்கு அதிக நாள் இல்லை.

அதற்குள் மேலாளர் அழைத்தார். ஷெரில் அவருக்கும் தகவல் சொல்லியிருந்தார். நான் கண்டதைச் சொன்னேன்.

“அந்தக் கொட்டகையில் தண்ணீர்க் குழாய் ஒன்று ஒழுகியதாகப் போன மாதப் பராமரிப்புக் குறிப்பில் இருக்கிறது, பார்த்தாயா?”

“பார்த்தேன். சரிசெய்துவிட்டார்கள்.”

“சரிசெய்தது மறுபடி ஒழுகியிருக்கலாம். குழாய்தான் காரணமென்றால் சோதனை பிழைக்கும். தீவனம்தான் காரணமென்றால் இன்றே மூடவேண்டும். மதியத்துக்குள் எனக்கு எழுத்தில் வேண்டும்.”

உங்களுக்கு உண்மையைச் சொல்லவேண்டும். கொட்டகை வாசலில் நின்று அரை மணி நேரம் நான் அந்தக் குழாயைப் பற்றி யோசித்தேன். அவர் பொய் சொல்லச் சொல்லவில்லை. ஒரு வசதியான சந்தேகத்தைக் கையில் வைத்துவிட்டுப் போனார், அவ்வளவுதான். நான் ஒரு வரி எழுதினால் போதும். பீட்டரின் குளம் பிழைக்கும், தேன்மொழியின் விசா பிழைக்கும், என் பெயர் பிழைக்கும். கோழி வாங்கும் நிறுவனத்தோடு ஷெரிலுக்கு இருக்கும் ஒப்பந்தத்தில் மட்டும் ஒரு கறுப்புப் புள்ளி விழும்.

தேன்மொழி பக்கத்தில் வந்து நின்றாள். மேலாளர் சொன்னதை அவளிடம் சொன்னேன்.

“நீர் என்ன நினைக்கிறீர்?”

“குழாய் ஒழுகுனா குழாய்க்குக் கீழ மட்டும்தானக்கா நனையும்? இது கொட்டகை பூரா நனைஞ்சிருக்கே. சுவரோரத்துல, ஃபேனுக்கு அடியிலகூட ஈரம். இது கோழிக்குள்ள இருந்து வந்த தண்ணிக்கா.”

தன் விசாவுக்கு எதிராக அவளே சாட்சி சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கம்தான் என்னை வாசலிலிருந்து நகர்த்தியது.

ஷெரிலிடம் போய்த் தண்ணீர் மீட்டர் குறிப்பைக் கேட்டேன். அவர் தினமும் காலையில் ஒவ்வொரு கொட்டகையின் மீட்டரையும் பார்த்து, ஒரு நாளில் செலவான தண்ணீரின் அளவைக் கதவில் தொங்கும் அட்டையில் பென்சிலால் எழுதுவார். அட்டைகளைக் கழற்றிக் கொடுத்தார். மூன்றாம் கொட்டகைக் கோழிகள் ஒரு குறிப்பிட்ட நாள்வரை பக்கத்துக் கொட்டகை அளவுக்கே குடித்திருந்தன. பிறகு திடீரென்று கூடுதலாகக் குடிக்கத் தொடங்கியிருந்தன. ஒவ்வொரு நாளும் ஏறியிருந்தது.

“இந்த நாளில் என்ன நடந்தது?” என்று கேட்டேன்.

“உங்கள் லாரி வந்தது” என்றார் ஷெரில்.

இரண்டாவது தீவன லாரி. இரண்டாவது அறுவடையில் செய்த தீவனம்.

தேன்மொழி என்னைப் பார்த்தாள். நான் அன்று சோதிக்கவேண்டாம் என்று சொன்னதை அவள் நினைவுபடுத்தியிருந்தால் எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

காரில் உட்கார்ந்து பீட்டரை அழைத்தேன்.

“முதல் அறுவடைக்கும் இரண்டாவதுக்கும் இடையில் குளத்தில் என்ன மாற்றினீர்கள்?”

“ஒன்றுமில்லை. குளத்தை நான் தொடுவதே இல்லை.”

“குளம் வேண்டாம். குடிலுக்குள்ளே?”

“குடிலுக்குள்ளேயும் ஒன்றுமில்லை. காய் பிடித்தது. காய் பிடித்தால் உரத்தில் பொட்டாசியத்தைக் கூட்டுவோம். எல்லாத் தக்காளிக்காரரும் செய்வதுதானே?”

கையிலிருந்த மீட்டர் அட்டையை மறுபடி பார்த்தேன். “ஹலோ? ஹலோ?” என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

தக்காளிக்குக் கொடுத்த பொட்டாசியம் வடிந்து குளத்துக்கு வந்தது. டக்வீட் அதைக் குடித்துத் தன்னுள் சேர்த்துவைத்தது. நான் அதைக் கோழிக்குப் போட்டேன். பொட்டாசியம் மிகுந்தால் கோழி அதை வெளியேற்றத் தண்ணீர் குடிக்கும், குடித்ததைக் கூளத்தில் விடும். முதல் அறுவடை காய் பிடிக்குமுன் எடுத்தது. அதன் அறிக்கையை வைத்து இரண்டாவதுக்கும் கணக்குப் போட்டிருந்தேன். அதே குளம்தான். அதே செடிதான். தண்ணீர் மட்டும் வேறு.

ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்பினோம். பதில் வர நாட்களாகும். வியாழக்கிழமை காத்திருக்காது. கோழியின் பாதம் அதைவிடக் காத்திருக்காது. இளையவர்களே, நிரூபணம் வரும்வரை காத்திருக்கலாம் என்ற வசதி இந்தத் தொழிலில் எப்போதும் கிடைக்காது. கையில் இருப்பதை வைத்து முடிவெடுக்கவேண்டும். தவறினால் உடனே நிறுத்துவதற்கு ஒரு வழியும் சேர்த்தே செய்துவைக்கவேண்டும்.

நான் செய்தது இதுதான். ஆலையில் முதல் அறுவடையின் மூட்டைகள் கொஞ்சம் மீதி இருந்தன. அவற்றை மட்டும் எடுத்து, அளவைப் பாதியாகக் குறைத்து, தாகத்தைக் கூட்டும் உப்பையும் சற்றுக் குறைத்து, அன்றைக்கே புதுத் தீவனம் அரைக்கச் சொன்னேன். பிறகு ஷெரிலிடம் போனேன்.

“இதுதான் என் திட்டம். ஆனால் இதை நிறுத்தும் அதிகாரம் என்னிடம் இல்லை, உன்னிடம். நாளைக் காலை மீட்டர் இறங்கவில்லையென்றால் யாரையும் கேட்காதே. வழக்கமான தீவனத்துக்கு மாற்றிவிடு. சோதனை போனால் போகட்டும். இதை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.”

ஷெரில் என்னை நீண்ட நேரம் பார்த்தார். “குழாய் என்று எழுதப்போகிறாய் என்று நினைத்தேன்” என்றார். அவருக்குத் தெரிந்திருந்தது.

மேலாளரை அழைத்தேன். “குழாய் இல்லை. செடியும் இல்லை. இரண்டாவது அறுவடையைச் சோதிக்கவேண்டும் என்று தேன்மொழி சொன்னாள். வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். தவறு என்னுடையது” என்றேன்.

அவர் வியாழக்கிழமையைப் பற்றிக் கேட்டார்.

“வியாழக்கிழமை வருகையை ரத்து செய்யட்டுமா?”

“வேண்டாம். வரட்டும். பார்க்கட்டும்.”

“என்ன காட்டப்போகிறாய்?”

“நடந்ததை.”

அவர் ஒப்புக்கொண்டார் என்று சொல்லமாட்டேன். மறுக்கவில்லை.

அன்று பகல் முழுவதும் நாங்கள் மூன்று பேரும் மூன்றாம் கொட்டகையில் இருந்தோம். தீவனத் தட்டுகளைக் காலி செய்தோம். கட்டிப்போன ஈரக் கூளத்தை அள்ளி வெளியேற்றினோம். புது மரச்சுருளைப் பரப்பினோம். ஷெரில் காற்றோட்டத்தைக் கூட்டிச் சூட்டையும் ஏற்றினார். தேன்மொழி பாதங்களைப் பார்த்துக்கொண்டே வரிசை வரிசையாக நகர்ந்தாள். என் முதுகு அன்று பிடித்துக்கொண்டது, இன்றுவரை முழுதாக விடவில்லை. மாலை வெளிச்சம் இருக்கும்போதே லாரி வந்து புதுத் தீவனத்தைக் கொட்டிவிட்டுப் போனது.

புதன்கிழமை காலை நான் எல்லர்ஸ்லியில் கார் நிறுத்தும் இடத்தில் உட்கார்ந்திருந்தேன். அலுவலகத்துக்குள் போக மனமில்லை. தேன்மொழி விடியற்காலையிலேயே கொட்டகைக்குப் போயிருந்தாள். தொலைபேசி அடித்தது.

“அக்கா! இறங்கிடுச்சுக்கா! மீட்டர் இறங்கிடுச்சு!”

“எவ்வளவு?”

“ரெண்டாம் கொட்டகை அளவுக்கு வரல. ஆனா பாதி வழி வந்திருச்சு. ஷெரில் ரெண்டு தடவ பாத்தாங்க. சிரிச்சாங்கக்கா! ஷெரில் சிரிச்சு நான் இப்பதான் பாக்குறேன்!”

ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு நானும் சிரித்தேன். பக்கத்துக் காரில் இருந்தவர் கண்ணாடியை இறக்கி, எல்லாம் சரிதானா என்று கேட்டார். ஓம், ஓம் என்று அவரிடம் தமிழிலேயே சொல்லிவிட்டேன்.

வியாழக்கிழமை தர அதிகாரி வந்தார். நடுவயதுப் பெண்மணி. கையில் தாள்கூட இல்லை. நேரே கொட்டகைக்குள் நடந்து, நடுவில் குந்தி, ஒரு கோழியைத் தூக்கிப் பாதத்தைப் பார்த்தார். இன்னொன்றைப் பார்த்தார். பத்துப் பன்னிரண்டு பார்த்தார். பிறகு புது மரச்சுருளை விரலால் கிளறி, “இது இரண்டு நாள் கூளம். இங்கே என்ன நடந்தது?” என்று கேட்டார்.

மேலாளர் என்னைப் பார்த்தார். நான் முதலிலிருந்து சொன்னேன். வாளி, அறுவடை, நான் வேண்டாமென்று சொன்ன சோதனை, தக்காளி, பொட்டாசியம், மீட்டர் அட்டை. முடித்ததும் அதிகாரி மூன்று கேள்விகள்தான் கேட்டார். இனி ஒவ்வொரு அறுவடையும் சோதிக்கப்படுமா? ஆம். தக்காளிக்காரர் உரம் மாற்றினால் உங்களுக்குச் சொல்வாரா? சொல்வார். இன்றைய மீட்டர் என்ன?

மூன்றாவது கேள்விக்கு ஷெரில் பதில் சொன்னார். மீட்டர் இரண்டாம் கொட்டகையோடு சமமாகிவிட்டிருந்தது.

“இந்தக் கோழிகளைக் கடைசிவரை வளருங்கள். அதன் பிறகு இன்னொரு முறை செய்யுங்கள். அந்த முறை கோடையில், வெயிலிலும் எப்படி என்று பார்க்கவேண்டும்” என்றார் அதிகாரி. வெளியே வந்து பூட்ஸைக் கழுவும்போது என்னிடம் மட்டும், “குழாய் என்று சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்கமாட்டேன். அடிக்கடி அதைத்தான் கேட்கிறேன்” என்றார்.

ஆய்வக அறிக்கை பின்னர் வந்தது. பொட்டாசியம் நான் பயந்ததைவிடக் கூடுதலாக இருந்தது. அறிக்கையை அச்செடுத்து, அதன் மேல் என் கையாலேயே ‘என் தவறு’ என்று எழுதிக் கோப்பில் வைத்தேன். இப்போதும் அங்கே இருக்கும். எடுத்துப் பாருங்கள்.

அந்தக் கோழிகள் பக்கத்துக் கொட்டகைக் கோழிகளைவிட ஒரு கிராமும் குறையாத எடையோடு விற்பனைக்குப் போயின. பாதங்கள் சுத்தமாக இருந்தன. கோடைச் சோதனை இன்னும் நன்றாக நடந்தது. பீட்டர் உரத்தில் ஒரு கைப்பிடி மாற்றினாலும் முதலில் தேன்மொழியைத்தான் அழைத்தார். மனைவிக்குக்கூட அடுத்துத்தான் சொல்கிறேன் என்றார். காய் பிடிக்கும் காலத்தில் டக்வீட்டின் அளவைக் குறைப்பது, மற்றக் காலத்தில் கூட்டுவது என்று தேன்மொழி ஒரு முறையை வகுத்தாள். அதை அவள்தான் செய்தாள், நான் கையெழுத்து மட்டும் போட்டேன். அவளுடைய விசா பிறகு நிரந்தரமாயிற்று.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில வாரங்களுக்கு முன் எல்லர்ஸ்லியில் கடைசிக் கூட்டம் நடந்தது. மேலாளர், அதிகாரி, பீட்டர், ஷெரில், நாங்கள் இருவர். முடிவுகள் எல்லாம் திரையில் இருந்தன. யாரும் மறுக்க எதுவும் இல்லை. இருந்தும் அறையில் ஒரு தயக்கம். சோதனையாகச் செய்வது வேறு, வழக்கமான தீவனமாக விற்பது வேறு. முதலில் யார் எடுத்துக்கொள்வார்கள்?

மேலாளர் தொண்டையைச் செருமினார். “தொடக்கத்தில் சின்னதாக, ஒரு கொட்டகை...”

“நான்கும்” என்றார் ஷெரில்.

எல்லோரும் திரும்பினோம்.

“என் நான்கு கொட்டகைகளுக்கும் அனுப்புங்கள். திங்கட்கிழமை குஞ்சு வருகிறது. தீவனம் அதற்கு முன்னால் வேண்டும்.”

மேலாளர் என்னைப் பார்த்தார். நான் தேன்மொழியைப் பார்த்தேன். அவள் நாற்காலியில் இல்லை. கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று, ஒரு காதைக் கையால் பொத்திக்கொண்டு, ஆலையோடு பேசிக்கொண்டிருந்தாள்.